தண்டு வலிப்போர் கையும் அதன் காப்பும்

(சுள்ளிக்கல்லில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ பேசுவது நம் மரபு. அப்பெரும் பொருள்களை எடுத்துரைக்கும் புலமை படைத்த அன்பர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு சாண் அளவே உள்ளது. அது மனிதனுடைய கை. அதிலும், குளிரிலும் மழையிலும் படகு வலிப்பவருடைய கை. அக்கைக்கு வரும் தீங்கு யாது, அதனைக் காக்கும் வழி யாது, அக்காப்பை நம் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே ஆக்கிக்கொள்வது எங்ஙனம் என்பன பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

"சுள்ளிக்கல்லில் குளிர் ஏது? மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத நமக்கு இப்பேச்சு எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதற்கு விடை இரண்டு உண்டு.

முதல் விடை, நம் பிள்ளைகள். தகப்பன்மார் பிழைப்பு நாடிக் கொச்சிக்கு வந்தனர். மக்களோ கல்வி நாடி இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் செல்கின்றனர். இராணுவத்தில் சேர்ந்து வடக்கே செல்வோரும் உளர். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படகுக் கழகம் என்பது நம் ஊர்க் கால்பந்துக் குழுவைப் போன்றது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் புகழ் வாய்ந்த படகுப் போட்டி 1829ஆம் ஆண்டில் தொடங்கியது. 2015 முதல் பெண்கள் போட்டியும் ஆண்கள் போட்டி நடைபெறும் அதே தேம்ஸ் நதித் தடத்தில் நடந்து வருகிறது. போட்டி வசந்த காலத்தில் நடப்பினும், அதற்கான பயிற்சி மாரிக்காலம் முழுவதும், விடியற்காலையில், பனி படர்ந்த ஆற்றிலே நடைபெறுகிறது. நம் நாட்டிலும் சண்டிகர் நகரத்துச் சுக்னா ஏரியில் டிசம்பர் மூடுபனிக்கிடையே படகு வலிக்கும் இளைஞர்களைக் காணலாம். கொச்சிப் பிள்ளைகள் நீரை அறிவார்கள். ஆனால் குளிர்ந்த நீரை அறியார்கள். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் விடை, நம் ஊர் மழை. ஆனியிலும் ஆடியிலும் காயல் மீது நாள் முழுதும் மழை பெய்யும்போது, நனைந்த கையோடு படகு வலிக்கும் உழைப்பாளர் நம் கண்முன்னே இருக்கின்றனர். அவர்கள் கையைத் தாக்குவது பனியன்று, ஈரம். குளிரும் ஈரமும் உடன்பிறந்தவை; ஒன்றை அறியாமல் மற்றொன்றை அறிய இயலாது.

பொருளுக்குள் புகுமுன் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். படகின் விளிம்பில் பொருத்தி, முதுகைப் போகும் திசைக்குக் காட்டி அமர்ந்து, மார்பை நோக்கி இழுப்பது தண்டு. அதனால்தான் தண்டு வலித்தல் என்று நம் முன்னோர் கூறினர். படகில் எங்கும் பொருத்தாமல், போகும் திசையை நோக்கி அமர்ந்து, கையாலேயே நீரைத் தள்ளுவது துடுப்பு. ஆலப்புழை புன்னமடைக் காயலில் நேரு கோப்பைக்காகப் பாயும் சுண்டன் வள்ளங்களில் இருப்பவை துடுப்புகளே. மலையாளத்தார் அதனைத் 'துழ' என்பர். துழாவுதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் அதற்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ! அரிசியும் கொப்பரையும் ஏற்றி மட்டாஞ்சேரிச் சந்தைக்கு வந்த கெட்டுவள்ளங்களைக் கழுக்கோல் கொண்டு ஊன்றித் தள்ளினர். தண்டாயினும் துடுப்பாயினும் கழுக்கோலாயினும் அதனைப் பற்றுவது உள்ளங்கைதான்.

தமிழர்க்கு இக்கலை புதியதன்று. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, சென்னைக் கடற்கரையில் அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் கொண்டு சென்றவை மசூலாப் படகுகள். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை; நம் கெட்டுவள்ளமும் அவ்வாறே தைக்கப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்காக மெல்லிய பந்தயப் படகுகளைக் கொண்டுவந்தனர். 1858இல் கல்கத்தாவிலும், 1864இல் கொழும்பிலும், 1867இல் சென்னையிலும் படகுக் கழகங்கள் தோன்றின. இன்று இவ்விளையாட்டு நம் மக்களுடையதாகிவிட்டது. 2010ஆம் ஆண்டு சீனத்துக் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், தனியொருவர் படகில் பொற்பதக்கம் வென்றவர் நம் இராணுவ வீரர் பஜ்ரங் லால் தாக்கர். அவர் பிறந்த மண் வறண்ட இராஜஸ்தானம். 2018இல் பாலெம்பாங்கில் நால்வர் படகிலும் நமக்குப் பொன் கிடைத்தது. நீரற்ற நிலத்தில் பிறந்தவர் இவ்வளவு செய்யும்போது, நாற்புறமும் நீர் சூழ வாழும் நம் பிள்ளைகளால் ஆகாதோ? ஆலப்புழையிலேயே இந்திய விளையாட்டு ஆணையத்தின் படகுப் பயிற்சி நிலையம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, கைக்கு வருவோம்.

தண்டு வலிக்கத் தொடங்கிய ஒருவரின் கையில் முதல் வாரத்திலேயே கொப்புளம் எழுகிறது. காரணம் யாது? தண்டு உள்ளங்கையில் முன்னும் பின்னும் உராயும்போது, மேல்தோல் ஒரு பக்கமும் அதன் கீழுள்ள அடுக்கு மற்றொரு பக்கமுமாக இழுபடுகின்றன. பல நூறு முறை இழுபட்டபின் அவ்வடுக்குகள் பிரிகின்றன. இடையே நீர் கோக்கிறது. அதுவே கொப்புளம். உலர்ந்த தோலைக் காட்டிலும் ஈரத்தில் ஊறிய தோலில் உராய்வு மிகுதி, உறுதியோ குறைவு. ஆகவேதான் மழை நாளில் கொப்புளம் விரைந்து எழுகிறது. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் நம் தமிழ்க் குடும்பத்தாரைக் கேளுங்கள். நாள் முழுதும் நீரில் நின்ற கையின் இயல்பை அவர்களினும் நன்கு அறிந்தவர் யாருளர்?

கொப்புளத்தை எங்ஙனம் பேணுவது? தோலை உரித்தெறிதல் கூடாது. அது இயற்கை இட்ட கட்டு. சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, தூய துணியால் மூடவேண்டும். தானே உடைந்துவிட்டால், நீர் புகாத கட்டுப்பட்டையை ஒட்டவேண்டும். சிவப்பேறி, வெப்பம் கண்டு, வலி கையிலிருந்து மேலே பரவினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. காய்த்துப்போன தோல் மேடாகி நின்றால், குளித்தபின் நுரைக்கல் கொண்டு மெல்லத் தேய்த்துச் சமன் செய்தல் நன்று. ஒருவர் பிடித்த தண்டை மற்றொருவர் பிடிக்குமுன் கைப்பிடியைக் கழுவித் துடைத்தல் வேண்டும்.

இது சிறு செய்தி என்று எண்ணற்க. 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. கடலோர மீனவர் தம் படகுகளைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். வெள்ளம் வடிந்த பின்னர் வந்தது எலிக்காய்ச்சல். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் அந்நோய்க் கிருமி உடலுக்குள் புகுகிறது. அரசாங்கம் டாக்சிசைக்ளின் மாத்திரைகளை வழங்கி நோயைத் தடுக்க முயன்றது. உடைந்த கொப்புளத்தோடு அழுக்கு நீரில் கைவைப்பது, வீட்டுக் கதவைத் திறந்துவைத்துத் திருடனை அழைப்பதை ஒக்கும். மழைக்காலத்தில் படகு வலித்தவருக்கோ வெள்ளநீரில் இறங்கியவருக்கோ காய்ச்சலும் உடல்வலியும் கண்டால், "நீரில் இறங்கியிருந்தேன்" என்ற சொல்லை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அவ்வொரு சொல் உயிரைக் காக்கக்கூடும்.

ஈரம் செய்யும் தீங்கு இஃது. இனி, குளிர் செய்யும் தீங்கைக் காண்போம்.

உடல் ஒரு குடும்பத்தைப் போன்றது. வருவாய் குறைந்த காலத்தில் குடும்பத் தலைவி என்ன செய்வாள்? அடுப்பை அணையவிடாமல் காத்து, வெளிச்செலவைச் சுருக்குவாள். குளிர் தாக்கியவுடன் உடலும் அவ்வாறே செய்கிறது. இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்கு வெப்பம் குறையாதிருக்க, கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. முதலிற் பட்டினி கிடப்பவை விரல்களே. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரல்களுக்குள் வெப்பம் பிறப்பிக்கும் தசை மிகக் குறைவு. இரத்தம் கொண்டுவரும் வெப்பத்தையே அவை நம்பி வாழ்கின்றன. அது நின்றால் விரல் மரத்துப்போகும், பிடி தளரும், தண்டு நழுவும். மேலும், ஓடும் படகு தானே காற்றை உண்டாக்குகிறது. நனைந்த கையின் மீது காற்று வீசினால், ஈரம் ஆவியாகி இருக்கின்ற வெப்பத்தையும் கொண்டுபோகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எங்ஙனமோ, அங்ஙனமே இதுவும்.

குளிரில் கையுறை இழந்த படகோட்டிக்கு நேர்ந்ததைச் சரித்திரம் பதிவு செய்து வைத்திருக்கிறது. 1883ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்கத் தேசத்துக் குளூஸ்டர் துறையைச் சேர்ந்த மீன்பிடிக் கப்பல் ஒன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே நின்றது. அதிலிருந்து சிறு படகொன்றில் ஹோவர்டு பிளாக்பர்ன், தாமஸ் வெல்ச் என்னும் இருவர் தூண்டிற் கயிறுகளை எடுக்கச் சென்றனர். பனிப்புயல் எழுந்தது, கப்பல் மறைந்தது. படகில் ஏறிய நீரை இறைக்கும் பரபரப்பில் பிளாக்பர்னின் கையுறைகள் கடலோடு போயின. கைகள் உறையத் தொடங்கின. விரல்கள் நீட்டிய நிலையில் உறைந்தால் இனித் தண்டைப் பற்ற இயலாது என்பதை அவர் உணர்ந்தார். என்ன செய்தார் தெரியுமா? விரல்களைத் தண்டின் மீது வளைத்துவைத்து, அந்நிலையிலேயே உறையவிட்டார்! தோழர் குளிரால் மாண்டார். அவர் உடலையும் படகில் வைத்துக்கொண்டு, கொக்கிகளாகிவிட்ட அக்கைகளைத் தண்டில் மாட்டி, உணவும் நீருமின்றி நாட்கணக்கில் வலித்துக் கரை சேர்ந்தார். உயிர் பிழைத்தது, ஆனால் விரல்கள் அனைத்தும் போயின. அதன் பின்னும் அவர் சோரவில்லை. 1899இலும் 1901இலும் தனியொருவராகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். அவருடைய நெஞ்சுரத்தை வியக்கும் நாம், ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அவ்வீரர் இழந்தது ஒரு சோடிக் கம்பளிக் கையுறை, அதற்கு அவர் கொடுத்த விலை தம் விரல்கள்.

அக்கையுறை எத்தகையது? வட அட்லாண்டிக் மீனவர் கம்பளி நூலால் கையுறையை வேண்டுமளவினும் பெரிதாகப் பின்னி, பின்னர் வெந்நீரிலிட்டுத் தேய்த்துச் சுருக்குவர். நூலிழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து தடித்துவிடும். காற்று எளிதில் நுழையாது. கம்பளிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். பருத்தியோ நனைந்தவுடன் பகையாகிவிடும். ஐஸ்லாந்து மீனவர் கையுறைகளில் வேடிக்கையான அமைப்பு ஒன்று இருந்தது: ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டைவிரல்கள்! தண்டு உராய்ந்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துபோனால், கையுறையைத் திருப்பி மாட்டிக்கொண்டு புறங்கைப் பக்கத்தை உள்ளங்கையாக்கிக்கொள்வர். ஏழையின் அறிவு எவ்வளவு நுட்பமானது பாருங்கள்! நம் வீடுகளில் சட்டையின் கழுத்துப்பட்டி நைந்தால் தையற்காரரிடம் கொடுத்துத் திருப்பித் தைத்த காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். கடல்கள் வேறாயினும் சிக்கனம் ஒன்றே.

வடக்கே நம் காஷ்மீரத்தைப் பார்ப்போம். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் அங்குக் கடுங்குளிர்க் காலம். தால் ஏரியின் நீரே சில ஆண்டுகளில் உறைந்துவிடும். அங்குச் 'சிக்காரா'ப் படகு செலுத்துவோர் தாமரையிலை போன்று அகன்ற துடுப்பை வெறுங்கையால் பிடிப்பதைக் காணலாம். அவர்கள் உடலைக் காப்பது 'ஃபெரன்' என்னும் தொளதொளத்த நீண்ட அங்கி. அதனுள்ளே 'காங்ரி' என்னும் தணற்சட்டியை வைத்துக்கொள்வர். மண் கலத்தைச் சுற்றிக் கூடை பின்னியிருக்கும். இதில் உள்ள பாடம் யாது? கையைக் காக்க விரும்பினால், முதலில் மார்பையும் வயிற்றையும் காக்கவேண்டும். நடுவுடல் வெப்பமாக இருந்தால், உடல் என்னும் குடும்பத் தலைவி விரல்களுக்கும் பங்கு அனுப்புவாள். நடு குளிர்ந்தபின் எத்துணைத் தடித்த கையுறை அணிந்தும் பயனில்லை. பனிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கையுறை அனுப்புமுன், மெல்லிய கம்பளி உள்ளங்கியும் காதை மூடும் தொப்பியும் அனுப்புக.

"ஆயின், தடித்த கையுறை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் போதாதோ?" என்று கேட்கலாம். பனிக்கடல் மீனவருக்கு அது போதுமாயிருந்தது. அவருடைய தண்டு பருமனானது, படகும் கனத்தது. பந்தயப் படகின் நிலை வேறு. நீரைவிட்டு எழுந்த தண்டின் அலகை, காற்றை வெட்டுமாறு ஒவ்வொரு முறையும் கிடையாகத் திருப்பவேண்டும். நீரில் நுழையுமுன் மீண்டும் நேராக்கவேண்டும். இத்திருப்பம் விரல்களால் நிகழ்வது. அதன் அளவை அறிவிப்பது உள்ளங்கைத் தோல். வீணைத் தந்தியைக் கையுறையிட்டு மீட்ட இயலுமோ? கையுறையிட்டால் கைப்பிடி பருத்துவிடுகிறது. பருத்ததை இறுகப் பிடிக்கவேண்டும். இறுகப் பிடித்தால் முன்கை சோர்ந்து கடுக்கிறது. கையுறையின் மடிப்புகளே புதிய கொப்புளங்களை எழுப்புகின்றன. ஈரமான துணி கைப்பிடியில் வழுக்கவும் செய்கிறது. ஆகவே, தேர்ந்த படகோட்டிகளில் பெரும்பாலோர் வெறுங்கையையே விரும்புவர்.

வெறுங்கை குளிரில் மரக்கிறது. கையுறை தண்டிலிருந்து கையைப் பிரிக்கிறது. இவ்விரு துன்பங்களுக்கும் இடையே கண்ட வழிதான் நாம் இன்று முதன்மையாகச் சொல்ல வந்தது. கைக்கு உறையிடாமல், கையும் தண்டும் சேர்ந்திருக்கும் இடத்துக்கே உறையிடுவது! அதனை மேல்நாட்டார் 'போகி' என்கின்றனர். போகி என்றவுடன் தாய்மார்களுக்குப் பொங்கலுக்கு முதல் நாள் நினைவுக்கு வரும். எம்மைப் போன்ற இரயில்வே ஊழியர்க்கோ வண்டிப் பெட்டியின் சக்கரத் தொகுதி நினைவுக்கு வரும். இஃது இரண்டுமன்று. இது துணியாலான ஒரு சிறு கூடாரம். அதன் உள்ளே கைப்பிடியும் இருக்கும், வெறுங்கையும் இருக்கும். உள்ளங்கைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையும் இராது. காற்றும் திவலையும் கூடாரத்தின் மீது மோதித் திரும்பும்.

இதனைத் தைப்பது கடினமன்று. தலையணை உறை தைக்கத் தெரிந்தவர் இதனையும் தைக்கலாம். வெளித்துணி காற்றுப் புகாத நைலான், அதாவது குடைத்துணி போன்றது. உள்துணி மென்மயிர் போன்ற கம்பளித்துணி. கைப்பிடியைப் பற்றிய முட்டியை ஒரு தாளின் மீது வைத்து, சுற்றிலும் இரண்டு விரற்கடை கூட்டி வரைந்துகொள்க. அவ்வடிவில் இரண்டு துண்டு வெட்டிச் சேர்த்துத் தைக்கவேண்டும். கட்டைவிரலுக்குத் தனி அறை தேவையில்லை. இரு திறப்புகள் விடவேண்டும். ஒன்று மணிக்கட்டுப் பக்கம், கை நுழைவதற்கு. மற்றொன்று சுண்டுவிரல் பக்கம். தண்டு வெளியே செல்வதற்கு. ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு தண்டு பிடிப்போர்க்கு இது போதும்; கட்டைவிரல் கைப்பிடியின் நுனியைத் தொட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கும். இரு கையாலும் ஒரே தண்டைப் பிடிப்போரின் உட்பக்கக் கைக்கு மட்டும், தண்டு ஊடுருவிச் செல்ல இருபுறமும் திறப்பு வேண்டும். தண்டுத் திறப்பில் எலாஸ்டிக் நாடா கோக்கலாம். ஆனால் தண்டு திரும்புவதைத் தடுக்கும் அளவு இறுகுதல் கூடாது.

மணிக்கட்டுத் திறப்பில் மட்டும் நாடாவோ பொத்தானோ எக்காரணத்தாலும் வைக்காதீர்கள். அது தளர்ந்தே இருக்கவேண்டும். படகு கவிழ்ந்தால், நினைத்த மாத்திரத்தில் கை வெளியே வந்தாகவேண்டும். காக்கவந்த உறை விலங்காகிவிடலாகாது. இதே காரணத்தால், பந்தயப் படகில் கால்களை மாட்டும் காலணிகளின் குதிகாலில் சிறு கயிறு கட்டியிருப்பர். காலை இழுத்தவுடன் காலணி கழன்று கால் விடுபடும். படகில் ஏறுமுன் அக்கயிறு உளதா என்று பார்ப்பது ஒவ்வொருவரின் கடமை. தொளதொளத்த சட்டையும் ஆகாது. தண்டின் கைப்பிடி சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு படகைக் கவிழ்த்துவிடக்கூடும்.

பெற்றோர்களே, இப்போது சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்க வேண்டுகிறோம். நீர் அதே அளவு குளிர்ந்த காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைப் பறிக்கிறது. "என் மகன் காயலில் நீந்தி வளர்ந்தவன், அவனுக்கு என்ன பயம்?" என்று நாம் பெருமை பேசுகிறோம். நம் காயலின் நீர் தாய்மடி போன்றது. பனிநாட்டு நீர் அத்தகையதன்று. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதனை ஆராய்ந்து, எளிதில் நினைவில் நிற்கும் கணக்கொன்றைத் தந்திருக்கிறார்: 1, 10, 1. பனிநீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். அந்நேரத்தில் பதறாமல், தலையை நீருக்கு மேல் வைத்து மூச்சைக் கட்டுப்படுத்தவேண்டும். அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். வெளியேறுவதற்குரிய முயற்சியை அதற்குள் செய்யவேண்டும். குளிரால் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். மிதவை அங்கி அணிந்திருப்பின் அந்நேரம் முழுதும் உதவிக்குக் காத்திருக்கலாம். நீச்சல் வல்லவரும் பத்து நிமிடத்தில் நீந்த இயலாதவராகிவிடுவார் என்பதே இக்கணக்கின் பொருள்.

ஆதலால், கவிழ்ந்த படகைவிட்டுக் கரைநோக்கி நீந்தலாகாது. படகு மிதக்கும், அதனைப் பற்றிக்கொண்டு, இயன்றவரை அதன் மீது ஏறிக் கிடக்கவேண்டும். குளிர்காலத்தில் தனியே படகு எடுக்கலாகாது; பின்னே பயிற்றுநரின் இயந்திரப்படகு வரவேண்டும். நீர் மிகக் குளிர்ந்த நாட்களில் படகை நீரிலிறக்கவே கூடாது என்று நல்ல கழகங்கள் விதி வகுத்திருக்கின்றன. அவ்விதியைக் கோழைத்தனமென்று இகழும் இளமைத் துடுக்கை, கடிதத்திலும் தொலைபேசியிலும் நாம்தான் அடக்கவேண்டும்.

பனிநாட்டைத் தேடி இங்கிலாந்துவரை போகவும் வேண்டா. நம் தாய்த் தமிழகத்தின் மலைகளிலேயே இக்குளிர் உண்டு. உதகமண்டலத்து ஏரி, ஜான் சல்லிவன் காலத்தில் 1823இல் தொடங்கி ஆக்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863இல் வீர் ஹென்றி லெவிஞ்சு முயற்சியால் உருவானது. அவ்வேரிக்கு முதற்படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பர். கோடை விடுமுறையில் அங்குப் போய்ப் படகேறி மகிழ்ந்து திரும்புகிறோம். தை மாதத்துப் புல்வெளியில் உறைபனி வெண்மையாகப் படியும் காலையிலும் அங்கே தண்டைப் பிடிக்கும் கைகள் உண்டு. சவாரிக்குப் பேரம் பேசும் நாம், அக்கைகளை ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததுண்டா?

நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: குளிர்நாட்டுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் படகுக் கழகத்தில் சேர்வோர் எவராயினும், அவர்க்கு இத்தகைய உறை ஒரு சோடியை மாதர் பகுதியினர் தைத்து வழியனுப்புப் பரிசாக அளித்தல் நன்று. செலவு சிறிது, பயன் பெரிது. இரண்டு: ஆடி மழைக்கு முன்பே, நீர் புகாத கட்டுப்பட்டை, சோப்பு, தூய துணி ஆகியன அடங்கிய சிறு பெட்டியொன்றைச் சங்கக் கட்டடத்தில் வைத்து, நீரில் உழைக்கும் எவர்க்கும், அவர் தமிழரோ மலையாளியோ, கேட்டவுடன் கொடுத்தல் வேண்டும். மூன்று: விடுமுறை நாளில் சிறுவர் சிறுமியர்க்கு நீச்சல் கற்பிக்கும்போதே, அந்த 1, 10, 1 கணக்கையும் வாய்ப்பாடு போலக் கற்பித்தல் வேண்டும்.

அன்பர்களே! நாமும் ஒருவகையில் வேற்று நீரில் படகு வலிப்பவர்களே. இம்மலையாள மண்ணின் தொழிலும் தோழமையும் நம் கையிலுள்ள தண்டு. தாய்மொழி நமக்குக் கதகதப்புத் தரும் உறை. அவ்வுறையைக் கழற்றி எறிந்தவர் நாளடைவில் மரத்துப்போகின்றனர். உறையைத் தடித்த கையுறையாக்கி, அண்டை வீட்டாரின் மொழியும் அன்பும் கையில் படாதபடி மூடிக்கொள்வோரும் தண்டை நழுவவிடுகின்றனர். வெளிக்காற்றைத் தடுத்து, உள்ளே கையையும் தண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் உறையே நமக்கு வேண்டுவது. நம் சங்கம் அத்தகைய உறையாக நீடு நிலவுக.

நம் பிள்ளைகள் எந்த நாட்டு நீரில் தண்டு வலித்தாலும், பத்து விரலும் நலமாக வீடு திரும்புக என்று வாழ்த்தி அமர்கிறோம்.